இதயத்துக்குள்ளே ஒரு பலூன்!

காய்ச்சல் போயிடும்... அது விட்டுட்டுப் போற வீக்கம்? அதைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கிற கதை இது.

உங்க ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் இன்னும் உயிரோடு இருக்கா? எடுத்து, அதில் 2 மில்லிமீட்டர் எவ்வளவுன்னு ஒரு தடவை பாருங்க. ரெண்டே ரெண்டு குட்டிக் கோடு. ஒரு வயசுக் குழந்தையின் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயின் உள்விட்டம் அதுக்கும் கொஞ்சம் கம்மிதான். இப்போ அந்தக் குழாயை, நெஞ்சைக் கீறாமல், வெளியே இருந்தபடியே அளக்கணும். குழந்தை காய்ச்சலில் அழுதுகொண்டிருக்கும். இதயம் நிமிஷத்துக்கு 130 தடவை குதித்துக்கொண்டிருக்கும். அளவு 0.1 மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால், அந்தக் குழந்தைக்கு என்ன மருந்து, எத்தனை நாளைக்கு என்பதே மாறிப் போகலாம்.

முடியுமா? தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள் பாஸ்!

எதுக்காக இவ்வளவு மெனக்கெடணும்? அந்தக் குழாயில் எங்கேயாவது வீக்கம் இருக்கான்னு பார்க்கத்தான். அதுக்குப் பெயர் கரோனரி அனீரிசம். பழைய சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது, ரப்பர் நைந்துபோன ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதே கதைதான். குழாயின் சுவர் பலமிழந்த இடத்தில் ரத்த அழுத்தம் தள்ளுகிறது. அந்த இடம் பலூனாகிறது. பெரியவர்களின் கணக்குப்படி, பக்கத்தில் இருக்கிற நல்ல குழாயைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஒரு இடம் விரிந்திருந்தால் அது அனீரிசம்.

வெடிக்காது... அடைக்கும்!

பலூன்னு சொன்னதும் 'டப்'புன்னு வெடிச்சிடுமோன்னு தோணும். மூளையிலோ வயிற்றிலோ வருகிற அனீரிசத்துக்கு அந்தப் பயம் நியாயமானது. கரோனரி அனீரிசம் வெடிப்பது அபூர்வம். இங்கே வில்லன் வேற ஆள்.

ஆறு குறுகலா ஓடும்போது வேகமா ஓடும். அகலமான இடம் வந்ததும் வேகம் குறைந்து, மணலும் வண்டலும் அங்கேயே தங்கிவிடும். ரத்தமும் அப்படித்தான். வீக்கத்துக்குள் போன ரத்தம் சுழன்று, தயங்கி, ஓரமாகத் தேங்குகிறது. தேங்கின ரத்தம் உறையும். உறைந்த கட்டி குழாயை அடைத்தால், அதுக்கு அப்புறம் இருக்கிற இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் கட். அதாவது ஹார்ட் அட்டாக். சிகரெட், பிரியாணி, சர்க்கரை எந்தப் பாவமும் செய்யாத 5 வயசுக் குழந்தைக்குக்கூட!

இன்னொரு சிக்கல், இந்த வீக்கம் சத்தமே போடாது. வலிக்காது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது. ஈ.சி.ஜி. நார்மலாகவே வரலாம். ரத்தப் பரிசோதனை உடம்பில் அழற்சி இருக்குன்னு சொல்லும், குழாய் வீங்கியிருக்குன்னு சொல்லாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. படம் எடுக்கிற மெஷின்கள் இல்லாத காலத்தில் இதை யாரும் உயிரோடு இருந்தவர்களிடம் பார்த்ததில்லை. பிரேதப் பரிசோதனை மேஜையில்தான் பார்த்தார்கள்.

டோக்கியோவில் ஒரு டாக்டர்

குழந்தைகளுக்கு இந்த வீக்கம் வருவதற்கு நம்பர் ஒன் காரணம் கவாசாகி நோய். (பைக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!) டோமிசாகு கவாசாகி, டோக்கியோ செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டர். 1961 ஜனவரியில் 4 வயசுப் பையன் ஒருத்தன் அவரிடம் வந்தான். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அடங்காத கேஸ். பையன் குணமாகி வீட்டுக்குப் போனான். வேறு யாராக இருந்தாலும் 'ஏதோ காய்ச்சல்' என்று ஃபைலை மூடியிருப்பார்கள். கவாசாகி மூடவில்லை. அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்ததும் அவருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொன்றாகச் சேர்த்து, 50 குழந்தைகளின் விவரத்தை 1967-ல் ஜப்பானிய மொழியில் கட்டுரையாக எழுதினார். ஆங்கிலத்தில் அது வெளியே தெரிய 1974 ஆயிற்று.

இதில் பெரிய திருப்பம் என்னன்னா, ஆரம்பத்தில் அவரே இதைத் தானாகச் சரியாகிவிடும் சாது நோய் என்றுதான் நினைத்தார். குழந்தைகள் நன்றாகத்தானே வீட்டுக்குப் போகிறார்கள்? 1970-ல் ஜப்பான் முழுக்க முதல் கணக்கெடுப்பு நடந்தபோது, இந்த நோய்க்குப் பிறகு திடீரென்று இறந்துபோன 10 குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைத் தகவல்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் இதயத்தால் வந்த சாவு. கரோனரி குழாய்களில் வீக்கம், அதில் ரத்தக்கட்டி. காய்ச்சல் விட்டு, பசி வந்து, விளையாட ஆரம்பித்த குழந்தைகள்!

எதனால் இந்த நோய் வருகிறது? இன்றுவரை அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. என்ன நடக்கிறது என்பது தெரியும். உடம்பின் எதிர்ப்புப் படை குழம்பிப்போய் சொந்த ரத்தக்குழாய்ச் சுவரையே தாக்குகிறது. சிகிச்சை தராவிட்டால் கிட்டத்தட்ட நாலில் ஒரு குழந்தைக்குக் கரோனரி பாதிப்பு வரும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை, கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் நரம்பு வழியாகச் செலுத்தினால் அந்த ஆபத்து 4 சதவிகிதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இது வேலை செய்யும் என்று முதலில் காட்டியவர்களும் ஜப்பான்காரர்கள்தான், 1984-ல்.

25-க்கும் 4-க்கும் நடுவில் நிற்பது அந்த 10 நாள். ஆனால் காய்ச்சலும் தடிப்பும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால் நம்ம ஊரில் முதலில் என்ன சொல்லுவோம்? 'மணல்வாரி போட்டிருக்கு, வேப்பிலை கட்டு!' இல்லேன்னா 'வைரல் ஃபீவர், மூணு நாளில் போயிடும்'. பெரும்பாலான நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் இது தவறிப்போகிறது.

அக்கா குழந்தை, பக்கத்து வீட்டு வாண்டு யாருக்காவது 5 நாளுக்கு மேல் காய்ச்சல் விடலைன்னா இதையெல்லாம் கவனிங்க. பீளை தள்ளாமலே ரெண்டு கண்ணும் சிவந்திருக்கா? உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெர்ரி மாதிரி செக்கச்செவேல்னு இருக்கா? கை, கால் வீங்கியிருக்கா? தடிப்பு உண்டா? கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டியிருக்கா? ரெண்டு மூணு வாரம் கழித்து விரல் நுனியில் தோல் உரிவது இதோட டிரேட் மார்க். ஆனா அதுக்காகக் காத்திருந்தால் அந்த 10 நாளும் போயிருக்கும். எல்லா அறிகுறியும் மொத்தமா, ஒரே நேரத்தில் வரணும்னு கட்டாயம் இல்லை. இன்னைக்கு வந்தது நாளைக்குக் காணாமல் போகலாம். 6 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் அரைகுறையா வரும், அவர்களுக்குத்தான் வீக்கம் வரும் ஆபத்து அதிகம். அதனால் தினமும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பதுகூட டாக்டருக்குப் பெரிய உதவி.

கப்பல் பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

சந்தேகம் வந்தாச்சு. அடுத்தது எக்கோ. இந்த மெஷினுக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வீகம் உண்டு. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற இதய டாக்டர், வெளியிலிருந்தே இதயத்தைப் பார்க்க வழி தேடிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்த இயற்பியல்காரர் ஹெல்முத் ஹெர்ட்ஸ். (ஆமாம், நீங்க பிளஸ் டூவில் படித்த 'ஹெர்ட்ஸ்' அலகுக்குப் பெயர் கொடுத்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் தம்பி பேரன்!) மால்மோ துறைமுகக் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத் தகட்டில் விரிசல் இருக்கான்னு பார்க்க ஒரு அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தது. ஹெர்ட்ஸ் அங்கே போய், அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இதயத் துடிப்போடு சேர்ந்து எதிரொலி ஆடியது! அப்புறம் சீமென்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு மெஷினைக் கடன் வாங்கி, 1953 அக்டோபரில் முதல் எக்கோவைப் பதிவு செய்தார்கள்.

தத்துவம் ரொம்ப சிம்பிள். நெஞ்சில் வைக்கும் புரோபுக்குள் இருக்கிற படிகங்கள், மின்சாரம் கொடுத்தால் அதிரும். அந்த அதிர்வு நம் காதுக்குக் கேட்காத ஒலியாக உள்ளே போய், சுவர்களில் மோதித் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து தூரம். ஜில்லுன்னு ஜெல் தடவுவது எதுக்குன்னா, புரோபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது.

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. உடம்புக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,540 மீட்டர். குழந்தைக்கு 8 மெகாஹெர்ட்ஸ் புரோப் வைத்தால் அலைநீளம் எவ்வளவு? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.19 மில்லிமீட்டர். அலைநீளம் சின்னதாக இருந்தால்தான் சின்ன விஷயம் தெரியும். 2 மி.மீ. குழாயை அளக்க இது போதும். அதே எக்கோவை உங்களுக்கோ எனக்கோ எடுத்தால்? நெஞ்சு தடிமன். உயர் அதிர்வெண் ஒலி பாதி வழியிலேயே சோர்ந்துபோகும். 2, 3 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கணும். அலைநீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நடுவில் விலா எலும்பு, காற்று நிறைந்த நுரையீரல் வேற. குழந்தையிடம் பளிச்சுன்னு தெரிகிற கரோனரி, காலேஜ் வயசில் மங்கலாகிப்போகும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

எக்கோ எடுப்பவர் முதலில் தேடுவது அயோர்ட்டா வால்வின் குறுக்குவெட்டை. அது ஒரு வட்டக் கடிகாரம் மாதிரி திரையில் தெரியும். கிட்டத்தட்ட 4 மணி திசையில் இடது கரோனரி கிளம்பும். 10, 11 மணி பக்கம் வலது கரோனரி. அங்கிருந்து கிளை கிளையா புரோபைத் திருப்பித் திருப்பி, குழாயின் உள்சுவரிலிருந்து எதிர் உள்சுவர் வரைக்கும் அளக்கணும். குழந்தை திமிறினால் கதை கந்தல். பால் கொடுத்துத் தூங்க வைத்து எடுப்பார்கள். தேவைப்பட்டால் லேசான தூக்க மருந்து.

ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸை கட் அடிக்காதீங்க!

அளந்தாச்சு. 2.3 மி.மீ. என்று வருகிறது. இது வீக்கமா, நார்மலா? காலேஜ் பையனுக்கு 3 மி.மீ. இருந்தாலும் நார்மல்தான். 6 மாதக் குழந்தைக்கு 3 மி.மீ. என்றால் அபாயம். முன்னாடி ஜப்பானில் வைத்திருந்த விதி 5 வயசுக்குக் கீழே 3 மி.மீ.க்கு மேல், 5 வயசு முதல் 4 மி.மீ.க்கு மேல் என்றால் அனீரிசம் என்பது. எளிமையான விதி, ஆனால் ஓட்டை விதி. 4 வயசு 11 மாதக் குழந்தையும் பிறந்து 3 மாதமான குழந்தையும் ஒண்ணா?

அங்கேதான் வருகிறார், நீங்க செமஸ்டரில் 'இது எதுக்கு உதவும்'னு திட்டின இசட் ஸ்கோர். குழந்தையின் உயரம், எடையிலிருந்து உடல் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். அதே பரப்பளவுள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் சராசரியிலிருந்து இந்த அளவு எத்தனை 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' தள்ளி நிற்கிறது? அதுதான் இசட். 2 வரைக்கும் நார்மல். 2 முதல் 2.5-க்குள் லேசான விரிவு. 2.5-ல் அனீரிசம் ஆரம்பம். 5-ல் நடுத்தரம். 10-ஐத் தொட்டாலோ, விட்டம் 8 மி.மீ.யைத் தொட்டாலோ ராட்சத அனீரிசம். பென்சில் தடிமனுக்கு மேல் ஒரு குழாய், ஒரு குட்டி இதயத்தின் மேல்!

கணக்கு புரிவதற்காகச் சராசரி 1.6 மி.மீ., டீவியேஷன் 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு 2.2 வந்தால் இசட் 2.4. லேசான விரிவு, சில வாரத்தில் ஆஸ்பிரினை நிறுத்திவிடலாம். 2.3 வந்தால் இசட் 2.8. அனீரிசம், மாத்திரை தொடரும், கார்டியாலஜிஸ்ட் வீட்டுக்கு வருஷக்கணக்கில் நடை. நடுவில் வித்தியாசம் ஒரு தலைமுடி தடிமன். உயரத்தைத் தப்பாக எழுதினாலும் இசட் மாறும். எந்த ஃபார்முலாவைப் போட்டோம் என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் நல்ல சென்டர்களில் ஒரே குழந்தைக்குக் கடைசிவரை ஒரே ஃபார்முலாதான். என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கதையிலும் கோடி ரூபாய் மெஷினைவிட முக்கியமான ஆள், பொறுமையா அளவெடுக்கிற அந்த எக்கோ டெக்னீஷியன்தான். (பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி என்று ஒரு படிப்பு நம்ம டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது பலருக்குத் தெரியாது.)

இன்னொரு விஷயம் பெற்றோர்கள் நிச்சயம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. முதல் எக்கோ நார்மல் என்றால் முடிந்தது கதை என்று அர்த்தமில்லை. வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். 1, 2 வாரத்தில் ஒண்ணு, 4 முதல் 6 வாரத்தில் ஒண்ணு என்று திரும்ப எடுக்கணும். 'காய்ச்சல்தான் போயிடுச்சே, எதுக்கு இன்னொரு செலவு?' என்று இரண்டாவது எக்கோவை விடுவதுதான் பல இடங்களில் நடக்கிற விபரீதம்.

தவறிப் போன டியூப், கிடைத்தது பொக்கிஷம்

எக்கோவில் மங்கலான இடத்தை எப்படிப் பார்ப்பது? ஆஞ்சியோ! இதன் பின்னால் ரெண்டு துணிச்சல்காரர்கள். ஒருத்தர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-ல், 24 வயசில் தன் கை நரம்பு வழியாக ஒரு நீளக் குழாயைத் தானே இதயம் வரை நுழைத்துக்கொண்டு, படியிறங்கி எக்ஸ்ரே ரூமுக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். உதைதான் கிடைத்தது அப்போது. நோபல் பரிசு 1956-ல் கிடைத்தது.

இன்னொருத்தர் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ். 1958 அக்டோபர் 30. ஒரு இளைஞருக்கு அயோர்ட்டாவில் சாயம் செலுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குழாயின் முனை நழுவி, வலது கரோனரிக்குள்ளேயே போய்விட்டது. தெரிவதற்குள் சாயம் முழுக்க உள்ளே! அந்தக் காலத்து நம்பிக்கைப்படி, கரோனரிக்குள் நேரடியாகச் சாயம் போனால் ஆள் காலி. இதயம் நின்றும் போனது. சோன்ஸ் கத்தினார், "இருமுங்க!" இருமினார். இதயம் திரும்ப ஓட ஆரம்பித்தது. திரையில் வலது கரோனரி வேரிலிருந்து நுனிவரை அழகாகத் தெரிந்திருந்தது. தைரியமாகக் கொஞ்சமா சாயம் விட்டால் தாங்கும் என்று அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது இப்படித்தான். கவாசாகிக் குழந்தைகளின் அனீரிசத்தை உயிரோடு இருக்கும்போதே படம் பிடித்துக் காட்டியதும் 1970-களில் இதே ஆஞ்சியோதான்.

ஆனா ஆஞ்சியோவுக்கு ஒரு கண் கட்டு வித்தை உண்டு. அது குழாயைக் காட்டாது. குழாய்க்குள் ஓடும் ரத்தத்தைத்தான் காட்டும். 8 மி.மீ. பலூனுக்குள் ஓரமெல்லாம் ரத்தக்கட்டி படிந்து, நடுவில் 3 மி.மீ. வழி மட்டும் திறந்திருக்கு என்று வையுங்கள். ஆஞ்சியோவில் என்ன தெரியும்? நார்மலான 3 மி.மீ. குழாய்! பலூன் அம்பேல். சுவரையே பார்க்க வேண்டுமென்றால், நூல் மாதிரி மெல்லிய குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்டையோ ஒளியையோ வைத்து கரோனரிக்குள்ளேயே அனுப்பணும். ஐவஸ், ஓ.சி.டி. என்று அவற்றுக்குப் பெயர். கவாசாகி அனீரிசங்களில் பாதிக்கு மேல் ஓரிரு வருஷத்தில் 'சுருங்கி' நார்மலாகிவிடுவதாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால், சுவர் தடித்துப்போய், கெட்டிப்பட்டுக் கிடக்கும். அளவு நார்மல், ஆள் நார்மல் இல்லை.

ஓடுற நாயை போட்டோ எடுப்பது எப்படி?

இருட்டில் ஓடுகிற நாயை செல்போனில் போட்டோ எடுத்திருக்கீங்களா? நாய்க்குப் பதிலா ஒரு பழுப்புப் புகைதான் பதிவாகும். சி.டி. ஸ்கேனுக்கு இதயத்தோடு இருந்த பிரச்னை இதேதான். 1971-ல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு லண்டனில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தது மூளையை. மூளை சமர்த்தாக ஆடாமல் இருக்கும். இதயம் இருக்காதே!

2004 வாக்கில் 64 ஸ்லைஸ் சி.டி. வந்ததும் ஆட்டம் மாறியது. எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றி ஒரு நொடிக்குள் பல சுற்றுப் போடுகிறது. பாதிச் சுற்றில் ஒரு படம், சுமார் 165 மில்லி நொடி. அதுவும் ஈ.சி.ஜி.யைப் பார்த்து, ரெண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் ஓய்வெடுக்கிற கணமாகப் பிடிக்கும். துடிப்பு 60-ல் இருந்தால் ஒரு துடிப்புக்கு ஒரு முழு நொடி, நிம்மதியா எடுக்கலாம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். 130-ல் துடிக்கும் குழந்தைக்கு? ஒரு துடிப்பே 460 மில்லி நொடிதான். 2005-ல் ஒரே மெஷினில் ரெண்டு எக்ஸ்ரே குழாய் வைத்த 'டூயல் சோர்ஸ்' சி.டி. வந்தது. ரெண்டு பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள, 83 மில்லி நொடியில் படம். நம்ம நாட்டில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவினர், கவாசாகிக் குழந்தைகளை இந்த டூயல் சோர்ஸ் சி.டி.யில் பார்த்து, எக்கோவுக்குத் தப்பிய வீக்கங்களையும் பதிவு செய்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

சி.டி.யில் சுவர் தெரியும், உள்ளே இருக்கும் கட்டி தெரியும், சுண்ணாம்பு படிந்திருந்தால் அதுவும் தெரியும். கையில் ஊசி, உடம்பெல்லாம் ஒரு வெதவெதப்பு, சில நொடி மூச்சைப் பிடிக்கணும், முடிந்தது. கதிர்வீச்சு உண்டு என்பது மட்டும் குறை. புது மெஷின்களில் அளவு ரொம்பவே குறைந்துவிட்டாலும், 'சும்மா ஒரு தடவை பார்த்துடலாமே'ன்னு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் இருந்தால் எடுங்க.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை, தசையில் தழும்பு இருக்கான்னும் காட்டும். நேரம் ரொம்ப எடுக்கும், சின்னக் குழந்தையை மயக்கணும். வருஷக்கணக்கா தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களுக்கு நல்ல சாய்ஸ்.

இது உங்க மேட்டரும்தான்

குழந்தைகள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பப் போனீங்கன்னா, ஒரு நிமிஷம். வளர்ந்தவர்களிடம் அனீரிசத்துக்கு முக்கியக் காரணம் கொழுப்புப் படிவு. 1983-ல் அமெரிக்காவில் ஆஞ்சியோ செய்துகொண்ட 20,087 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது 4.9 சதவிகிதம் பேருக்கு வீக்கம் இருந்தது. ஆனால் 20, 25 வயசில் ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்து, படத்தில் பலூன் தெரிந்தால்? 2012-ல் சான் டியாகோ டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்ற சந்தேகத்தில் ஆஞ்சியோ செய்த, 40 வயசுக்குக் கீழான 261 பேர். அதில் சுமார் 5 சதவிகிதம் பேருடைய பாதிப்பு, சின்ன வயசில் வந்த கவாசாகியின் மிச்சம் என்று சொல்லும்படி இருந்தது. வேறு காரணத்துக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில், இதயத்தின் மேல் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு வளையம் ஒன்று தெரிந்து பிடிபட்டவர்களும் உலகத்தில் உண்டு.

2020-ல் கோவிட் வந்தபோது இந்தப் பழைய நோய் மறுபடி பேச்சில் அடிபட்டது. ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்து டாக்டர்கள் எச்சரிக்கை விட்டார்கள். கோவிட் வந்து சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண். பார்த்தால் அப்படியே கவாசாகி மாதிரி! இத்தாலியின் பெர்கமோவிலிருந்தும் அதே செய்தி. எம்.ஐ.எஸ்.-சி என்று பெயர் வைத்தார்கள். அது வேற நோய், ஆனால் அதிலும் சில குழந்தைகளுக்குக் கரோனரி விரிந்தது. அதனால் உலகம் முழுக்க எக்கோ புரோபைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே வருஷம் ஜூன் 5-ம் தேதி, 95 வயசில் டாக்டர் கவாசாகி காலமானார்.

ராட்சத அனீரிசம் இருப்பவர் வாழ்க்கை எப்படி? ஆஸ்பிரினோடு வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, அதற்கான ரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன். அடிபட்டால் ரத்தம் நிற்காது என்பதால் கபடி, குத்துச்சண்டை மாதிரி மோதுகிற விளையாட்டுக்குத் தடா. மற்றபடி படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். பிரச்னை எங்கே வருதுன்னா, 18 வயசு ஆனதும் குழந்தைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்கள் டாக்டருக்கு மாறும் இடத்தில். ஹாஸ்டல், வேற ஊர், புது வாழ்க்கை. 'எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே' என்று செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். குழந்தையில் தெளிவாகத் தெரிந்த எக்கோ இப்போ மங்கலாகிற வயசும் இதுதான்னு முன்னாடியே பார்த்தோம். அதனால் இந்த வயசில் இவர்களுக்கு எக்கோ மட்டும் போதாது, சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படும்.

இந்த வாரம் வீட்டுக்கு போன் போடும்போது, "சின்ன வயசில் எனக்கு ரொம்ப நாள் காய்ச்சல் அடிச்சு, விரல் தோல் உரிஞ்சுதா?"ன்னு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்க. 'இல்லை'ன்னா விடுங்க. 'ஆமாம், அப்போ ஆஸ்பத்திரியில் ஏதோ விலை கூடின ஊசிகூடப் போட்டாங்க'ன்னு சொன்னால், பீரோவில் இருக்கும் பழைய ஃபைலைத் தேடச் சொல்லுங்க. அதில் எக்கோ ரிப்போர்ட் இருந்தால் எல்.எம்.சி.ஏ., எல்.ஏ.டி., ஆர்.சி.ஏ. என்று எழுதி, பக்கத்தில் மி.மீ. கணக்கும், முடிந்தால் இசட் ஸ்கோரும் இருக்கும். அதை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த லீவில் ஒரு கார்டியாலஜிஸ்ட்டைப் பாருங்க. அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.